‘குட் கண்டிஷன்’ என்று எழுதினால் ஃப்ரிட்ஜ் விற்காது

“ஃப்ரிட்ஜ் ஃபார் சேல். குட் கண்டிஷன். அர்ஜென்ட். கால் மீ.” ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு என்று எங்கே பார்த்தாலும் இதே பாட்டுதான். இதில் வாங்குபவருக்கு உதவும் சொல் ஒன்றே ஒன்று: ஃப்ரிட்ஜ். எத்தனை லிட்டர், எந்த வருஷம், எந்த ஏரியா, எத்தனையாவது மாடி, என்ன விலை என்று எல்லாவற்றையும் அவர் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். பலர் கேட்க மாட்டார்கள், அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். கேட்கிறவர்களுக்கு நீங்கள் ஒரே பதிலை இருபது தடவை ஒப்பிக்க வேண்டும். ‘அர்ஜென்ட்’ என்ற சொல்லுக்கு மட்டும் உடனே பலன் தெரியும். பழைய சாமான் வியாபாரிகள் வரிசையாகக் கூப்பிட்டு பாதி விலைக்குக் கேட்பார்கள்.

படித்துவிட்டு வருகிறவர் குட்டியானை லோடு வண்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். அப்படி எழுதியிருந்தால்தான் விளம்பரம். வாசலில் நின்று “இதை நீங்க சொல்லவே இல்லையே” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே ஆயிரம் ரூபாய் போயிற்று. அந்த வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். தலைப்பில் பிராண்ட், கொள்ளளவு, கதவு, வருஷம், ஏரியா ஐந்தும் இருக்க வேண்டும். “எல்ஜி 190 லிட்டர், சிங்கிள் டோர், 2019, வேளச்சேரி” போதும். லிட்டரும் மாடல் எண்ணும் உள்ளே ஓரமாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்; நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஸ்டார் லேபிள் கிழியாமல் இருந்தால் அதையும் படம் எடுங்கள். ஆனால் “5 ஸ்டார்” என்று மட்டும் எழுதிப் பயனில்லை. 2023 ஜனவரியில் ஃப்ரிட்ஜுக்கான ஸ்டார் அளவுகோலை இறுக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல, விவரம் தெரிந்தவர் அதைப் பிடித்துக்கொள்வார். லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் போட்டிருக்கும். அதை எழுதுங்கள். “கரண்ட் பில் எவ்வளவு வரும்?” என்ற கேள்விக்கு அதுதான் நேர்ப் பதில்.

அடுத்து குறைகள். இங்கேதான் எல்லோரும் மழுப்புகிறார்கள். கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பார்த்துவிட்டு, எந்த மூலை என்று எழுதிவிடுங்கள். கேஸ் நிரப்பியிருந்தால் எப்போது என்று சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை, எங்கோ கசிந்தால்தான் குறையும். ஆகவே “போன வருஷம் கேஸ் ஃபில் பண்ணியாச்சு” என்பது பெருமையாகச் சொல்லும் விஷயமில்லை. கசிவை அடைத்தார்களா என்பதுதான் வாங்குபவரின் அடுத்த கேள்வியாக இருக்கும். மெக்கானிக் கொடுத்த பில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

முழு விளம்பரம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“எல்ஜி 190 லிட்டர், சிங்கிள் டோர், டைரக்ட் கூல், 2019. வேளச்சேரி. ரூ.6,500. புதிதாக வாங்கியது, பில் இருக்கிறது. கம்ப்ரசர் மாற்றியதில்லை, கேஸ் நிரப்பியதில்லை. கதவு ரப்பர் கீழ் மூலையில் தளர்வு (படம் 6). காய்கறி டிரேயில் விரிசல் (படம் 7). உயரம் 118 செ.மீ., அகலம் 54, ஆழம் 64. ஸ்டாண்ட் சேர்த்து, ஸ்டெபிலைசர் கிடையாது. இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, வந்து பார்க்கலாம். வண்டி, ஏற்றுக்கூலி வாங்குபவருடையது. வீடு மாறுவதால் விற்கிறோம். மாலை 6 மணிக்கு மேல் அழைக்கவும்.”

ஏன் விற்கிறீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் “ரிப்பேர் போல” என்று அவராகவே முடிவு கட்டிவிடுவார். எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் கடைசி வாரம் வரை எழுதாதீர்கள். அதுவும் ‘அர்ஜென்ட்’டின் தம்பிதான்.

வந்து பார்க்கும்போது ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, காலியாக நிறுத்தி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கூலிங் வருகிறதா என்று பார்க்க அவர் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாதே. முந்தின நாளே ஆன் செய்து ஐஸ் டிரேயில் தண்ணீர் வைத்துவிடுங்கள். கட்டியான ஐஸைவிட நல்ல சாட்சி கிடையாது. கொண்டுபோகும்போது நிற்கவைத்தே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும். அப்படிக் கொண்டுபோனவர் இறக்கியவுடன் ஆன் செய்து, கெட்டுப்போனால் உங்களுக்குத்தான் போன் வரும். சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்துவிட்டு ஆன் செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

படங்களுக்கு வருவோம். பகல் வெளிச்சம் வேண்டும். டியூப்லைட்டில் வெள்ளை ஃப்ரிட்ஜ் பச்சையடிக்கும். லென்ஸை முதலில் துடையுங்கள், கைரேகை படிந்த லென்ஸில் எல்லாமே புகைமூட்டமாகத்தான் விழும். போன் கேமராவில் 0.5 வைடு வேண்டாம், ஓரங்கள் இழுபட்டு கட்டில் கப்பல் மாதிரி தெரியும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், பொருளின் விளிம்பையே அது மழுக்கிவிடும். முதல் படம் முழுப் பொருளும் நேராகத் தெரிவதாக இருக்கட்டும்; பட்டியலில் சின்னக் கட்டமாகத் தெரிவது அது ஒன்றுதான். பிறகு பக்கவாட்டு, பின்புறம், கதவு திறந்தபடி உள்ளே, ஸ்டிக்கர், கடைசியாகக் குறைகள். கீறலைக் கிட்டத்தில் எடுத்தால் அளவு தெரியாது, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், எல்லோருக்கும் கண்ணால் பழகிய அளவு. பின்னணியில் காயும் துணியும் நேற்றைய பாத்திரமும் இருந்தால், பொருளையும் அப்படித்தான் வைத்திருந்திருப்பார்கள் என்று தோன்றும். கம்பெனி வெப்சைட்டிலிருந்து படம் எடுத்துப் போடுவது படமே போடாததைவிட மோசம்.

விலை விஷயத்தில் பழைய பில்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வாங்குபவர் ஒப்பிடுவது உங்கள் பில்லோடு இல்லை, இன்றைக்குக் கடையில் புதிது என்ன விலை என்பதோடு. 2025 செப்டம்பர் 22-இலிருந்து ஏசிக்கும், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும், 350 சிசி வரையிலான பைக்குகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் கூடவே இறங்கத்தான் செய்யும். (ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் முன்பே 18தான்.) அதே சைட்டில் மற்றவர்கள் போட்டிருக்கும் விலையை அப்படியே நம்பவும் வேண்டாம். அது அவர்கள் கேட்கும் விலை. மூன்று மாதமாக அங்கேயே கிடக்கும் விளம்பரத்தின் விலை, விற்காத விலை. கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கழிப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை. பேரத்துக்கு ஐந்நூறு, ஆயிரம் கூட்டிப் போடலாம். “ரூ.1” என்று போட்டுவிட்டு “போனில் சொல்கிறேன்” என்பவர்களை யாரும் மதிப்பதில்லை.

தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டுவார் என்பதையும் யோசியுங்கள். நாம் ‘காட்’ என்று போடும் கட்டிலை இன்னொருவர் ‘பெட்’ என்று தேடுவார். பீரோவை ‘அல்மிரா’ என்றும் ‘வார்ட்ரோப்’ என்றும் தேடுகிறவர்கள் உண்டு. எல்லாச் சொல்லும் விளக்கத்தில் எங்காவது இருக்கட்டும். கட்டிலுக்கு மெத்தை அளவைப் போடுங்கள், 78-க்கு 60 அங்குலம் என்கிற மாதிரி. மரம் என்ன என்றும் சொல்லுங்கள். பார்ட்டிகிள் போர்டைத் ‘தேக்கு ஃபினிஷ்’ என்று எழுதினால் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பார்ட்டிகிள் போர்டு கட்டிலை ஒரு தடவை பிரித்து மாட்டியாகிவிட்டால் ஸ்க்ரூ பிடிமானம் குறைந்துவிடும், அதையும் மறைக்காதீர்கள்.

பைக்குக்கு வேறு கணக்கு. அங்கே பேப்பர்தான் பாதி விலை. எத்தனையாவது ஓனர், ஆர்சி எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எது வரை, அது ஃபுல்லா தேர்டு பார்ட்டியா, லோன் உண்டா என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். லோன் முடிந்தும் ஆர்சியில் ஹைப்போதிகேஷன் (வங்கிக் கடன் இருக்கிறது என்ற பதிவு) நீக்காமல் கிடந்தால், வங்கியிடம் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் வாங்கி நீக்கிவிட்டு அப்புறம் விளம்பரம் போடுங்கள். அது இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது, வந்தவரும் திரும்பிப் போவார். ஓடோமீட்டரைச் சாவி போட்ட நிலையில் படம் எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. அதையும் ஒரு படம் எடுத்துப் போட்டால் “டயர் புதுசு” என்று எழுதவே வேண்டாம்.

“பெயர் மாற்றம் கட்டாயம்” என்ற வரியைப் பைக் விளம்பரத்தில் விடவே கூடாது. படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, விற்ற தகவலை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. ஆர்சியில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. “அப்புறம் மாத்திக்கிறேன் சார்” என்பவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டால் அவர் இடித்ததற்கு உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

செல்போனுக்கு ஸ்டோரேஜ், ரேம், பேட்டரி ஹெல்த் சதவீதம், டிஸ்ப்ளே மாற்றியதா என்பவை முக்கியம். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ தெரியும் படத்தைப் போடாதீர்கள். நேரில் வருபவரிடம் *#06# தட்டிக் காட்டுங்கள். அவர் விவரமானவராக இருந்தால் ‘கேஒய்எம்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்ப்பார். கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு போன் பூட்டிக்கொள்ளும்.

எப்போது போடுவது? ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுபவர்கள் குறைவு, ஆகவே கட்டிலும் பீரோவும் மெதுவாகத்தான் நகரும். ஆடியில் கூடுதல் சிக்கல், கடைகளில் தள்ளுபடி. ஆவணியும் தையும் பிறந்தால் போன் வரும். ஏசியைப் பங்குனி, சித்திரை வெயிலில் விற்காமல் ஐப்பசி மழையில் விற்பது, தெரிந்தே நஷ்டப்படுவது.

ஃபேஸ்புக்கில் வரும் “இது இன்னும் இருக்கிறதா?” ஒரு பொத்தானைத் தட்டினால் போகும் செய்தி, அதை அனுப்பியவரெல்லாம் வாங்க வருகிறவர் இல்லை. “இருக்கிறது, இன்று மாலை வர முடியுமா?” என்று ஒரே வரியில் பதில் போட்டுப் பாருங்கள், யார் நிஜம் என்று தெரிந்துவிடும். பொருளைப் பார்க்காமலே, பேரமும் பேசாமல், “ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்பவர் திருடர். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பத்து நாளாகியும் நகரவில்லையா? யாரும் திறந்தே பார்க்கவில்லை என்றால் தலைப்பும் முதல் படமும் சரியில்லை. பார்க்கிறார்கள், கூப்பிடவில்லை என்றால் விலை. கூப்பிடுகிறார்கள், வரவில்லை என்றால் மாடி, ஏரியா, அளவு என்று எதையோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றால், படத்தில் தெரியாத எதையோ நேரில் பார்த்திருக்கிறார்கள். அதைப் படம் எடுத்துச் சேர்த்து, அதற்கேற்ப விலையைக் குறைத்து, பழைய விளம்பரத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். விற்ற அன்றைக்கே அதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பொங்கல் வரைக்கும் “ஃப்ரிட்ஜ் இருக்கா சார்?” ஓயாது.