கேட்லின்பர்க் கூட்டத்த விட்டுட்டு நாரிஸ் டேம் பக்கம்

அட்லாண்டால இருக்குற நம்மாளுங்க லாங் வீக்கெண்ட் வந்தா டென்னசி மாநிலத்துப் பக்கம் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் மலைக்குப் போவாங்க, அடிவாரத்துல இருக்குற டூரிஸ்ட் ஊரு கேட்லின்பர்க் ட்ராஃபிக்ல சிக்கி, கேபின் எடுத்து ராத்திரி சாம்பார் வெச்சு சாப்ட்டு திரும்பி வருவாங்க. நாங்களும் அதே கோஷ்டிதான். இந்த தடவ கேட்லின்பர்க் வழியா போற அதே 441 ரோட்டப் புடிச்சு நாக்ஸ்வில் தாண்டி வடக்க போய்ப் பாக்கலாமேனு போனோம், அந்த ரோடு நேரா நாரிஸ் டேம் மேலயே ஏறிப் போகுது.

டேம் 265 அடி உயரம், டென்னசி ஆத்துல போய்ச் சேர்ற கிளிஞ்ச் ஆத்து மேல கட்டுனது. "ஏங்க, இதப் பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்க"ன்னு வீட்ல கேட்டாங்க. நியாயமான கேள்விதான், வெறும் கான்கிரீட்டா பாத்தா இதுல ஒண்ணும் இல்ல.

1930கள்ல இந்த டென்னசி ஆத்துப் பக்கம் அமெரிக்காவுலயே ரொம்ப ஏழ்மையான எடம். மலைச்சரிவுல மரத்த வெட்டி சோளம் போட்டுப் போட்டு மண்ணெல்லாம் மழைல அடிச்சிட்டுப் போயிருந்துச்சு, வருஷா வருஷம் ஆத்து வெள்ளம் ஊருக்குள்ள வரும், 100 பண்ணை வீட்டுல அஞ்சுக்குக் கூட கரண்ட் கிடையாது, சில பகுதிகள்ல 30 சதவீதம் பேருக்கு மலேரியா. ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்து மூணு மாசம் கூட ஆகல, 1933 மே மாசம் சட்டம் போட்டு டிவிஏங்குற டென்னசி வேலி அத்தாரிட்டிய ஆரம்பிச்சாங்க. ஏழு மாநிலத்துல பரவிக் கெடக்குற ஆத்துக்கு ஒரே நிர்வாகம். அந்த வருஷமே அக்டோபர்ல நாரிஸ் வேல தொடங்கி 1936ல முடிச்சுட்டாங்க. அவங்களோட மொத டேம் இது.

எனக்குப் புடிச்சது டேம்ம விட அதச் சுத்திப் பண்ண சில்லறை வேலைங்கதான். டேமுக்குப் பின்னால தேங்குற ஏரியோட தண்ணி மட்டத்த அப்பப்ப கொஞ்சம் ஏத்தி எறக்குனா கரையோரத்துல இருக்குற கொசுப்புழு தரைல மாட்டி காஞ்சி செத்துரும், இத ஒரு கொள்கையாவே வெச்சு ஏரிங்கள ஓட்டிருக்காங்க, மலேரியா ஒழிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். அலபாமால முதல் உலகப்போருக்கு வெடிமருந்து செய்யக் கட்டுன ஃபேக்டரிய உரம் செய்ய மாத்தி விவசாயிங்ககிட்ட குடுத்து, அவங்க நிலத்துலயே சோதிச்சுக் காட்ட வெச்சாங்க. கரண்ட் லைன் இழுத்தா மட்டும் போதுமா, கையில காசில்லாதவன் ஃப்ரிட்ஜுக்கு எங்க போவான்? அதனால ஃப்ரிட்ஜ், அடுப்பு வாங்க தவணைக் கடன் குடுக்கவே தனியா ஒரு அரசு அமைப்பு. நம்ம இஎம்ஐ மாதிரியே. வெறும் டேம் கட்டி பவர் வித்திருந்தா டவுன்காரன் மட்டும்தான் பொழச்சிருப்பான்னு எனக்குத் தோணுது.

ஆனா இதுக்கு விலை குடுத்தது யாருன்னு பாத்தா மனசு கஷ்டமாதான் இருக்கு. இந்த ஒரு ஏரிக்காக 3,000 குடும்பம் கிட்ட காலி பண்ணிருக்காங்க, 5,000க்கும் மேல கல்லறைங்களத் தோண்டி வேற எடத்துக்கு மாத்திருக்காங்க. லாய்ஸ்டன்னு ஒரு ஊரே தண்ணிக்குள்ள. ஏரி அகலமா இருக்குற அந்த எடத்துக்கு இப்பவும் "லாய்ஸ்டன் சீ", அதாவது லாய்ஸ்டன் கடல்னு பேரு. பட்டா வெச்சிருந்தவனுக்கு நிலத்துக்குக் காசு வந்துச்சு, குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவனுக்கு நிலத்துக் காசுனு ஒண்ணும் கிடையாது, அவன் தூக்கிட்டுப் போக சட்டி பானைதான். 1948ல இதே டிவிஏவ பாத்துதான் நம்ம நாட்டுல தாமோதர் ஆத்துக்கு தாமோதர் வேலி கார்ப்பரேஷன ஆரம்பிச்சாங்க, அங்கயும் மைத்தோன், பஞ்சேத் டேம்களுக்காக ஊரு ஊரா காலி பண்ணுன கதை இருக்கு.

டேம்ல இருந்து கொஞ்ச தூரத்துல நாரிஸ் டவுன், டேம் தொழிலாளிங்களுக்காக டிவிஏ கட்டுனது. வளஞ்சு வளஞ்சு போற ரோடு, நெறைய மரம், சின்னச் சின்ன அழகான வீடுங்க, கட்டும்போதே எல்லா வீட்டுக்கும் கரண்ட். அவ்ளோ முற்போக்கா யோசிச்சவங்க அதுல கறுப்பினத் தொழிலாளிங்கள மட்டும் குடியிருக்க விடல. டேம் கட்ட அவங்க கை வேணும், பக்கத்து வீட்டுல வேணாம். இத எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா?

பசங்களுக்குப் புடிச்சது டேமுக்குக் கீழ இருக்குற ரைஸ் மில்லு. நம்ம அரிசி மில் இல்ல, ரைஸ்ங்குற குடும்பத்தோடது, 1798ல கட்டுன மாவு மில்லு, தண்ணில முழுகப் போற எடத்துல இருந்து 1935ல பிரிச்சுக் கொண்டாந்து இங்க திரும்பக் கட்டிருக்காங்க. பெரிய மரச்சக்கரம், பக்கத்துலயே மியூசியம்.

போறவங்களுக்கு ஒரு விஷயம். கீழ கிளிஞ்ச் ஆத்துல ட்ரவுட் மீன் புடிக்கிறவங்க முழங்கால் தண்ணில நிப்பாங்க, டேம் அடியில இருந்து வர்றதால வெயில் காலத்துலயும் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், பாத்தா பசங்களும் எறங்கணும்னு அடம் புடிக்கும். எறங்குனாலும் கரையோரமாவே நில்லுங்க, சைரன் அடிச்சா டேம்ல தண்ணி தெறக்குறாங்கன்னு அர்த்தம், செருப்பத் தேடிட்டு நிக்காம மேல ஏறிடுங்க.