கொழும்புக் காரில் ஹீட்டர் சூடு தராவிட்டால்

கொழும்பில் ஓடும் பழைய காரின் ஹீட்டரை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஜனவரி இரவில், 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில், முன்கண்ணாடியில் புகார் படிந்து பாதை மறையும்போதுதான் அதன் நினைவு வரும். சூடு வராததற்குக் காரணம் பெரும்பாலும் கூலிங் சிஸ்டத்தில்தான் இருக்கும். அந்தக் கோளாறு காலி வீதி நெரிசலிலும் என்ஜினைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

பொனட்டைத் திறந்தால் என்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் உள்ளே போவது தெரியும். அவை அங்கே இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. ஹீட்டர் கோர் (என்ஜினின் சூடான தண்ணீர், அதாவது கூலண்ட், ஓடிக் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) ஒழுகியபோது கராஜில் அதைக் கழித்துவிட்டு, என்ஜின் பக்கத்து இரண்டு குழாய்களையும் வளைந்த ஒரே ஹோஸால் இணைத்துவிட்ட கார்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அப்படியென்றால் கோரை மாற்றாமல் சூடு வராது.

ஹோஸ்கள் இருந்தால், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள். விசிறியும் பெல்ட்டும் பக்கத்திலேயே சுழலும், கை கவனம். இரண்டும் கைவைக்க முடியாத சூடாக இருந்தால் தண்ணீர் ஓட்டம் சரி. உள்ளே, சூடான காற்றைத் திருப்பிவிடும் சூட்டுக் கதவையோ அதன் கேபிளையோ பாருங்கள். கேபிள் கிளிப் கழன்றிருப்பது சாதாரணம். ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலண்ட் குறைவு, உள்ளே காற்று, அல்லது தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) கோளாறு.

இந்தத் தெர்மோஸ்டாட் விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த மனவருத்தம். "இந்த வெயிலுக்கு இது எதற்கு" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாத என்ஜின் சரியான வெப்பத்துக்கு வரத் தாமதிக்கும். காரின் கம்ப்யூட்டர், என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறதென்று எண்ணி பெற்றோலைக் கூடுதலாக விடும். இறம்பொடையிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது வெப்பமானி முள் பாதிக்குக் கீழே சரிந்தால், தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது உங்கள் என்ஜினுக்குரிய டிகிரியைக் கேட்டு வாங்குங்கள். பல பழைய டொயோட்டாக்களுக்கு அது 82. பொருத்துமுன் நூலில் கட்டி, தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். குளிரில் இறுக மூடியிருந்து, அதற்குரிய டிகிரி அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். சிறு ஆடும் வால்வு உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். காற்று அதன் வழியே வெளியேறும்.

கோர் அடைப்புக்குக் காரணம், வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றியதால் வந்த துரு. என்ஜின் ஆறியபின் ஹோஸ்களைக் கழற்றுங்கள். ஒட்டிப்போன ஹோஸை முறுக்கி இழுத்தால் கோரின் மெல்லிய குழாய் ஒடியும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்துப் புதியது போடுவதே நல்லது. கோரிலிருந்து தண்ணீர் வெளிவரும் குழாய் வழியாக, தோட்டக் குழாயின் மெதுவான அழுத்தத்தில், எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். பழுப்பு நிறம் போகும்வரை திசையை மாற்றி மாற்றி விடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், கோர் வெடிக்கும். முன்பக்கக் கார்ப்பெட் ஈரமாகி, இனிப்பான வாடை வீசினால் கோர் ஏற்கெனவே ஒழுகுகிறது, கழுவிப் பயனில்லை.

பிறகு கூலண்ட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். காரின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, என்ஜின் குளிராக இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது பிதுக்கி, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, குமிழிகள் நின்றதும் மூடுங்கள். சூடான என்ஜினில் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். குமிழிகள் நிற்கவே இல்லை, கூலண்ட்டும் தினமும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டை (என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள தகடு) சோதிக்க வேண்டும். அந்தக் காரோடு மலை ஏறாதீர்கள்.

காற்றே பலவீனமாக வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் வேகத்தைக் குறைக்கும் அதன் ரெசிஸ்டர் போயிருக்கிறது. கண்ணாடிப் புகாருக்கு ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும்.