அலமாரியின் மேல் ஒரு யானை

மழலையர் வகுப்பில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. மூன்றரை வயதுப் பையன் ஒருவன் சாம்பல் நிறப் பஞ்சு யானையை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றான். யானையின் துதிக்கை முனையில் துணி தேய்ந்து நூலிழை தெரிந்தது. அந்த முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவான், உருட்டியபடியே மூக்கருகே கொண்டுபோவான். விம்மி விம்மி அழும்போதும் அந்த இரண்டு விரல்களும் நிற்கவில்லை.

வீட்டிலிருந்து விளையாட்டுச் சாமான் கொண்டுவரக் கூடாது என்பது பள்ளி விதி. தொலைந்துபோகும், பிள்ளைகள் சண்டை போடுவார்கள் என்பதற்காக வந்த விதி. “யானை இங்கே இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்” என்று சொல்லி, அதை வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன். மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் அழவில்லை. பையன் பழகிவிட்டான் என்று அவனுடைய அம்மாவிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன்.

அவன் பழகவில்லை, அடங்கிப்போயிருந்தான். இரண்டும் வேறு என்பது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. பாட்டுக்கு வாயசைக்கவில்லை. மணல் தொட்டிப் பக்கம் போகவில்லை. தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்கவில்லை. எங்கே உட்காரவைத்தாலும் அலமாரி தெரிகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டான். ஒரு நாள் அவனுடைய சட்டை ஓரத்தைக் கவனித்தேன். விரலிடுக்கில் உருட்டி உருட்டி அந்த ஓரம் கயிறு போல முறுக்கேறியிருந்தது.

உடனே யானையை எடுத்துக் கொடுத்தேன். துதிக்கையை மூக்கில் வைத்து நீளமாக மூச்சை இழுத்தான். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு யானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணல் தொட்டிக்கு நடந்துபோனான். அன்று மதியம்தான் அவன் குரலை முதன்முதலாகக் கேட்டேன். தண்ணீர் வேண்டும் என்றான்.

அதன் பிறகே இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1951இல் இத்தகைய பொருள்களைப் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். அம்மாவோடு ஒன்றாக இருந்த குழந்தை, தான் வேறு என்று உணரத் தொடங்கும்போது நடுவில் பற்றிக்கொள்ளும் பொருள் என்பதால் இதை ‘இடைநிலைப் பொருள்’ என்றார். 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் போர்வையை விட்டுப் பிரியாத குழந்தைகள், பழக்கமில்லாத அறையில் அந்தப் போர்வை பக்கத்தில் இருந்தபோது, அம்மா பக்கத்தில் இருந்ததைப் போலவே கலங்காமல் விளையாடின. பள்ளிக்குப் பழகுவதற்குத் தடை என்று நான் எடுத்து வைத்த பொருள், அந்தப் பையனுக்குப் பள்ளிக்குள் நுழையத் துணையாக வந்தது.

இன்னொரு தவறும் என்னால் நேர்ந்தது. யானை அழுக்காக இருக்கிறது, துவைத்து அனுப்புங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சோப்பு மணக்க வந்த யானையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். “இது வேற யானை” என்று அழுதான். துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் தொடர்ச்சி அறுந்து, அந்தப் பொருளின் மதிப்பே போய்விடக்கூடும் என்று வினிகாட் எழுதியிருக்கிறார். துவைக்கத்தான் வேண்டும் என்றால் பள்ளி திறப்பதற்குப் பல நாள் முன்பே துவைத்துவிடுங்கள் என்று இப்போது பெற்றோரிடம் சொல்கிறேன்.

தொலைந்தால் என்ன செய்வது என்று அதே போல இன்னொரு பொம்மை வாங்கி வைக்கும் பெற்றோர் உண்டு. குழந்தை அதை ஏற்பது அரிது. உளவியலாளர்களான புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளிடம், எதையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். தங்கள் பிரியமான பொம்மையை அதற்குள் வைக்கவே சில குழந்தைகள் சம்மதிக்கவில்லை. சம்மதித்தவர்களில் பெரும்பாலோரும் நகலை விட்டுவிட்டுப் பழையதையே கேட்டார்கள். இதைப் படித்ததிலிருந்து, ‘எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்’ என்ற வகுப்பு விதியிலிருந்து இந்தப் பொம்மைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டேன். “பெரிய பையனுக்குப் பொம்மை எதற்கு?” என்று என் வகுப்பில் யாரும் கேட்கக் கூடாது, பெரியவர்கள் உட்பட.

யானை தானாகவே விலகியது. முதலில் மடியில் இருந்தது, பிறகு பக்கத்து நாற்காலியில். அப்புறம் பைக்குள், துதிக்கை மட்டும் வெளியே தெரியும்படி ஜிப்பைத் திறந்து வைப்பான். நான்காவது மாதம் ஒரு காலை அவனுடைய அம்மா யானையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். வீட்டிலேயே மறந்துவிட்டார்களாம். அவன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், அடுத்த கட்டையை எடுத்தான். அம்மாவுக்கு எப்படியோ ஆகிவிட்டது. யானையைக் கையில் வைத்தபடி வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

இப்போதெல்லாம் சேர்க்கையின்போது பெற்றோரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, குழந்தை எதைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்பதுதான். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று இருப்பதில்லை, அதில் கவலைப்பட எதுவும் இல்லை. இருந்தால் அதன் பெயரையும் வருகைப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு இரண்டு கரடிகள், ஓர் ஆமை, ஒரு பழைய தலையணை உறை. உறைக்குப் பெயர் கிடையாதாம், ‘இது’ என்றுதான் சொல்வாளாம். ‘இது’ என்றே எழுதிக்கொண்டேன்.