அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்ட இடம்

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது சிறார் நூல் கடைகள் பக்கம் சும்மா நின்று பாருங்கள். பெற்றோர் புத்தகம் எடுக்கிற விதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முன் அட்டை, விலை, அப்புறம் நேராகக் கடைசிப் பக்கம். பையன் திருந்திவிட்டானா, அம்மா அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டானா? கேட்டிருந்தால் புத்தகம் பைக்குள் போகும். இல்லையென்றால் "ஏற்கெனவே எதுத்துப் பேசுது, இதுல இது வேறயா" என்று திரும்ப அடுக்கிவிடுவார்கள்.

செல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு கதை வாசிக்கிறேன். நாலாவதிலிருந்து ஏழாவது வரை படிக்கிறவர்கள். 8 முதல் 12 வயதுக்காரர்களுக்கு எழுதப்படும் நாவல்களில் பெற்றோர் பிள்ளை உரசல் இல்லாத நாவல் அபூர்வம். உரசல் வந்த உடனே பெரியவர்களும் சரி, பிள்ளைகளும் சரி, நாட்டாமை மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுகிறோம். இந்த வகைக் கதையோ பிள்ளையின் கண் மட்டத்திலேயே ஓடுவது. அப்பா வேலையிடத்தில் என்ன பேச்சு வாங்கினார் என்பது கதைக்குள் வராது, வாசலில் செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம் மட்டும் வரும். அதனால் பாதி சாட்சியை வைத்துச் சொல்கிற தீர்ப்புதான் அது. என்னைக் கேட்டால், இந்த இடத்தில் பிள்ளைக்குத் தெரியாதது எது, அதை எழுதுகிறவர் நமக்கு மட்டும் எப்படிக் காட்டிக்கொடுக்கிறார் என்று பார்ப்பதில்தான் சுவாரசியமே.

ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935-இல் வந்தது. சிறுவர்களுக்கென்றே எழுதிய புத்தகம் இல்லை, ஆனால் இந்த வயசுக்குக் கச்சிதம். விடுமுறையில் ஊர் சுற்றும் சுவாமிநாதனைப் பிடித்து உட்காரவைத்து அப்பா ஒரு கணக்குக் கொடுக்கிறார். ராமாவிடம் 10 மாம்பழம், அதை வைத்து 15 அணா சம்பாதிக்கப் பார்க்கிறான், கிருஷ்ணாவுக்கு 4 பழம் போதும், எவ்வளவு கொடுக்கணும்? சுவாமிக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. இந்த ராமா எதற்கு 15 அணா என்று விலை வைத்தான், எப்படிப்பட்ட ஆள் என்று யோசனை ஓடுகிறது. கடைசியில் தயங்கித் தயங்கி, பழம் பழுத்ததா என்று அப்பாவிடமே கேட்டுவிடுகிறான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலில் கணக்கைப் போடு, பழுத்ததா இல்லையா என்று அப்புறம் சொல்கிறேன் என்கிறார். பிறகு வழக்கமான காது திருகல், 6 அணா, அழுகை.

அந்த அடக்கிய சிரிப்பு சுவாமிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அந்த அப்பாவை வெறும் கோபக்காரராகப் படிக்க முடியாது. பையனோடு சேர்ந்து சிரிக்க அவருக்கும் ஆசை இருக்கிறது, ஆனால் அப்பாவாக இருந்து தொலைக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு துண்டு வாக்கியம், அதில் இவ்வளவு. விளக்கம் சொல்லி இதை எழுதியிருந்தால் வாரப் பத்திரிகை அறிவுரைக் கட்டுரையாகியிருக்கும்.

இந்த இடத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தபோது, அப்பா மாட்டுத்தாவணியில் பழ வியாபாரம் செய்கிற ஒரு பையன், ஆறாவது படிக்கிறவன், எழுந்தே நின்றுவிட்டான். "அவன் கேட்டது சரிதானக்கா. பழுத்திருந்தா அன்னைக்கே தள்ளிவிடணும், வெலை எறங்கிரும். காயின்னா வைக்கோல்ல போட்டு ரெண்டு நாள் கழிச்சு விக்கலாம். மாம்பழத்துல எந்த ரகம், காசாலட்டா, கல்லாமையான்னுகூடச் சொல்லல, எப்படிக்கா கணக்குப் போடறது?" உங்க அப்பாவிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார் என்று கேட்டேன். "மொதல்ல பெட்டியத் தூக்குடாம்பாரு" என்றான். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

அடுத்து அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரியின் 'ரமோனா அண்ட் ஹெர் ஃபாதர்', 1977. ரமோனாவுக்கு 7 வயசு. சம்பள நாள், வெளியில் போய்ச் சாப்பிடலாம் என்று வீடே காத்திருக்கிறது, அப்பா வேலையை இழந்துவிட்டு வருகிறார். ஆனால் கையில் மகளுக்கு ஒரு சின்னப் பை மிட்டாய். அப்புறம் அவர் சிகரெட்டை நிறுத்தச் சொல்லி ரமோனா வீடு முழுக்க எழுதி ஒட்டிப் போராட்டமே நடத்துகிறாள், அவருக்கு எரிச்சல் ஏறுகிறது. சிகரெட் கெடுதி என்று சொல்லும் கதையாக மட்டும் இதை வாசிக்கிறவர்கள் அந்த மிட்டாயை மறந்துவிடுகிறார்கள். சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் பெற்ற மகள் உத்தரவு போடுகிறாள். அவளுக்கோ அப்பாவின் நுரையீரல் கறுத்துப்போய்விடும் என்று பயம். இரண்டு பேருமே தங்கள் பயத்தை வெளியில் சொல்லத் தெரியாமல் சண்டை போடுகிறார்கள்.

நம்மிடம் இந்த மாதிரிக் காட்சிகளுக்குக் குறைவா என்ன? புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறந்ததிலிருந்து அங்கே குழந்தைகள் பகுதியை அடிக்கடி புரட்டுகிறேன். பிராணி, பூதம், மாயக் கதவு, அறிவியல் எல்லாம் அழகாக வருகிறது. ஆனால் என் கையில் சிக்கிய தமிழ்க் கதைகளில் பெரும்பாலும் அப்பா கடைசி அத்தியாயத்தில் வந்து தலையைத் தடவிப் புத்தி சொல்கிறார். ஏலச்சீட்டுக் காசு கட்ட முடியாத மாதம் பிள்ளையின் கலர் பென்சிலுக்காகக் கத்துகிற அப்பாவை, அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்லாமல் எழுதினால் எப்படி இருக்கும்!

ஆனால் "பாவம், அப்பா அம்மாவுக்கும் ஆயிரம் கஷ்டம்" என்பதையே எல்லாக் கதைக்கும் சாவியாகப் போட்டால் அதுவும் மோசம். அதே கிளியரி 1983-இல் எழுதிய 'டியர் மிஸ்டர் ஹென்ஷா'வில் லீ என்ற பையனின் பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள். அப்பா லாரி ஓட்டுகிறார். போன் பண்ணுகிறேன் என்பார், பண்ண மாட்டார். ஒருநாள் லீயே கூப்பிடுகிறான். பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் வேறொரு பையனின் குரல், பீட்சா வாங்க எப்போது போகிறோம் என்று. இங்கே பிள்ளைக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை, அவனுக்குப் புரிந்துவிடுகிறது. வலிப்பதே அதனால்தான். இந்த அப்பாவுக்கு வக்காலத்து வாங்குவது லீக்குச் செய்கிற துரோகம். முடிவிலும் அவர் திருந்தி வந்து எல்லாம் சரியாகிவிடுவதில்லை. அம்மா சேர்ந்து வாழ மறுக்கிறாள், லீ தனக்குப் பிரியமான நாயை அப்பாவுக்கே துணையாக விட்டுக்கொடுக்கிறான்.

மாடியில் அந்தப் போன் காட்சியை வாசித்தபோது, அப்பா துபாயில் இருக்கிற ஒரு பிள்ளை, "திட்டியிருந்தாக்கூடப் பரவால்லக்கா" என்றது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் வேறொரு பிள்ளையின் அம்மா வந்தார். "டைவர்ஸ் கதையெல்லாம் எதுக்குங்க இந்த வயசுல? நல்ல கதையே இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லி ஜெயிக்கிற நோக்கம் எனக்கு இல்லை, புத்தகத்தையே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும்.