தரையோடு படுத்த பீட்டில்: பின்சக்கரத்துக்கு மட்டும் மூன்று மாதம்

ஒருவழியாகப் பின்சக்கரம் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, நான் கட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மாடல் காரைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, நாலு டயருக்கு அடியிலும் பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் நுழையவில்லை. அதாவது நாலும் தரையில் இருக்கின்றன. இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வாங்கக் காசில்லாமல் இல்லை; இதற்கு பஸ் டிக்கெட்டே போதும்.

கிட், அதாவது நாமே ஒட்டிக் கட்டும் பாகங்களின் பெட்டி, டமியா கம்பெனியின் 1/24 (நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு) ஃபோக்ஸ்வேகன் 1300 பீட்டில் கார், 1966 மாடல். பெட்டியில் இருக்கிறபடி கட்டினால் அருமையான வண்டிதான். ஆனால் மழைத்தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் மாதிரி நிற்கும். எனக்கு அது தரையோடு படுத்திருக்க வேண்டும். முன்னால் 4 மி.மீ., பின்னால் 3 மி.மீ. இறக்குவதாகக் கணக்கு. 24-ஆல் பெருக்கினால் நிஜ வண்டியில் 96 மி.மீ.-ம் 72 மி.மீ.-ம். அப்படி ஒரு வண்டியை எங்கள் குன்னூரில் ஓட்டினால் முதல் வேகத்தடையிலேயே வயிறு கிழியும்.

முன்பக்கம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. சக்கரம் மாட்டும் முளையை, அதாவது ஸ்டப்பை, வெட்டி 4 மி.மீ. மேலே ஏற்றி ஒட்டினேன், சக்கரம் ஏறினால் உடம்பு இறங்கும், அவ்வளவுதான். நிஜத்தில் டிராப் ஸ்பிண்டில் போடுவார்களே, அதே வேலை.

பின்பக்கம்தான் வினை. அந்த வருஷத்து பீட்டிலுக்குப் பின்னால் ஸ்விங் ஆக்சில். கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மூட்டு, சக்கரத்துப் பக்கம் மூட்டே கிடையாது. அதனால் உடம்பு இறங்க இறங்க சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாயும். முன்னால் செய்த மாதிரியே ஸ்டப்பை ஏற்றி ஒட்டிவிட்டு நேராக நிற்கிற சக்கரத்தோடு விட்டிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அலமாரியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உறுத்தும்.

அளந்து பார்த்ததில் மூட்டு வருகிற இடத்திலிருந்து சக்கரம் வரை 22 மி.மீ. அது 3 மி.மீ. ஏற வேண்டுமென்றால் ஏறக்குறைய 8 டிகிரி சாய்வு. மகளின் காம்பஸ் பாக்ஸிலிருந்து பாகைமானியைக் கடன் வாங்கினேன். (இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வகுப்பில் திட்டு வாங்கியிருக்கிறாள்.)

முதல் முயற்சி, ஆக்சிலை மெழுகுவர்த்தியில் காட்டி வளைப்பது. இடது பக்கம் 8 டிகிரி, வலது பக்கம் வாழைப்பழம். இரண்டாவது, வெட்டி, சாய்த்து, மாடல் ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட்டில் ஒட்டுவது. சிமென்ட் பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும். டிசம்பர் குளிரில் அது இறுகுவேனா என்கிறது. ராத்திரி 8 டிகிரியில் விட்டுப் படுத்தேன், காலையில் இடது பக்கம் 5, வலது பக்கம் 11. மூன்றாவது, அம்மாவின் பெரிய ஊக்கை நறுக்கி உள்ளே ஆணியாகச் செருகினேன். கம்பி நின்றது, ஆனால் அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டது. அத்தோடு ஒரு மாதம் பெட்டியை மூடி பரண்மேல் போட்டுவிட்டேன்.

வழி சொன்னவர் எங்கள் தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன். அவரிடம் சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் கேட்கப் போயிருந்தேன். கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஆக்சில் ஒடிஞ்ச வண்டியா செய்யறீங்க?" என்றார்.

"இல்லைங்ணா, இறக்கியிருக்கேன்."

"நம்ம ஊர் ரோட்டுக்கு ஏத்தணும் தம்பி, யாராச்சும் இறக்குவாங்களா?" சிரித்துவிட்டு அவரே சொன்னார்: "ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா வளைச்சா எந்தக் காலத்துல ஒண்ணா வரும்? ஒரே கம்பியா போட்டு விடுங்க."

இது எனக்குத் தோன்றவே இல்லை! பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றைக் கொடுத்தார், 2 மி.மீ. கனம். கியர்பாக்ஸைக் குறுக்கே துளைத்து, ஸ்போக்கை முழுசாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விட்டேன். மூட்டு வரும் இரண்டு இடத்திலும் தலா ஒரு வளைவு. ஒரு முனையை விட்டபிறகுதான் மறுமுனையை வளைக்க முடியும், இல்லையென்றால் துளைக்குள் போகாது. அதனால் கடைசி வளைவு முழுக்க குறடும் கைநடுக்கமும்தான். நடுவைக் கண்ணாடியோடு அழுத்தினால் இரண்டு முனையும் ஒரே அளவு தூக்க வேண்டும். முதலில் இடது 3.0, வலது 3.4. நிமிர்த்தப் போய் ஸ்போக் ஒடிந்தது. இன்னொரு ஸ்போக், இன்னொரு டீ.

நிஜ பீட்டிலில் இதைச் செய்கிறவர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. அதில் பின்னால் டார்ஷன் பார், முறுங்கி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் ஒரு பக்கமும் வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கமும் மாற்றினால் ஒரு டிகிரிக்கும் குறைவாக நகர்த்தலாம். எனக்கு வாய்த்தது குறடு.

ஸ்போக் வெறும் கம்பியாகத் தெரியக் கூடாது என்று, தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலை நறுக்கி மேலே உறையாக மாட்டினேன். வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகி உள்ளே போகிறது. ரீஃபில் பிளாஸ்டிக்கில் பெயின்ட் ஒட்டாது, நகம் பட்டால் உரிகிறது. அடியில்தானே இருக்கிறது, போகட்டும்.

அப்படியும் இடது பின்சக்கரத்துக்கு அடியில் டிக்கெட் நுழைந்தது. குற்றம் ஆக்சிலில் இல்லை, வண்டியின் அடித்தட்டான ஃப்ளோர் பேன் லேசாக முறுக்கியிருந்தது. அதை நிமிர்த்தப் போகாமல், கியர்பாக்ஸில் அரால்டைட் வைத்த கையோடு டயரெல்லாம் மாட்டி, வண்டியைக் கண்ணாடியோடு சேர்த்து ரப்பர் பேண்டில் கட்டிவிட்டேன். மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உள்ளே 60 வாட் குண்டு பல்பு. பசை அந்த நிலையிலேயே இறுகி, முறுக்கைத் தானே சரிக்கட்டிவிட்டது. மட்கார்டின் உள்பக்கத்தை மட்டும் 400 நம்பர் எமரியில் தேய்த்து மெலிதாக்க வேண்டியிருந்தது.

பெயின்ட் இன்னும் தொடவில்லை. சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் லாக்கர் பெயின்ட் அடித்துப் பார்த்தேன், ஐந்து நிமிஷத்தில் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு சில்லிடும், பனிமூட்டத்தின் ஈரம் அதில் வந்து படியும். இந்த ஊரில் சொல்லவா வேண்டும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்த தின்னர் ஆர்டர் போட்டிருக்கிறேன். தீப்பிடிக்கும் சாமான் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். லாரியில் மேட்டுப்பாளையம் வந்து, மலையேறி வர வேண்டும். கிட் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. பொம்மைக்கான சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. நாம் ராத்திரி கண்விழித்துக் கட்டுவதும் அந்தக் கணக்கில் பொம்மைதான்.

அதற்குள் அதே 1/24-ல் ஒரு மினி கூப்பரும் வாங்கி வைத்துவிட்டேன். நிஜ வண்டிக்கே 10 இஞ்ச் சக்கரம், இந்த அளவில் ரிம் 10.6 மி.மீ. வரும். அதையும் இறக்க வேண்டும். நல்லவேளை, அதில் ஸ்விங் ஆக்சில் கிடையாது.

பீட்டிலுக்கு நிறம் இளம்பச்சை என்று முடிவு. தின்னர் பார்சல் கோயம்புத்தூர் தாண்டிவிட்டதாக இன்று காலை மெசேஜ் வந்தது. வெளியே எதிர்வீடு தெரியவில்லை.