குழந்தைகளோடு லண்டன் போகும்போது

மதுரையிலிருந்து, லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங்குக்குக் குடிவந்த புதிதில், லண்டன் என்றால் ‘லண்டன் ஐ’ ராட்சத ராட்டினம், மெழுகுச் சிலைகள், ராணி இருந்த அரண்மனை என்றுதான் நினைத்திருந்தேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்பதும் அந்தப் போட்டோக்களைத்தான். ஏழு வயதுப் பையனையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு அந்த ஆசையெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு வண்டியில் போவதுதான் ஊர் பார்ப்பது. லண்டன் அதற்கென்றே அமைந்த ஊர்.

11 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு லண்டன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது. டிக்கெட் எடுத்த பெரியவர் கூட இருந்தால் டியூப் என்கிற சுரங்க ரயிலிலும் அப்படித்தான். பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். பேங்க் கார்டைத் தட்டினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றி நடுவில் நிறுத்தலாம். ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடம் அவருக்குத்தான், உடனே மடக்கிவிட வேண்டும். டிரஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் பஸ் பிடித்து மாடியில் முன் இருக்கையில் உட்கார்ந்தால், செயின்ட் பால் தேவாலயம், லண்டன் டவர் எல்லாம் கண்ணாடிக்கு நேரே வரும்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் நுழைவு இலவசம். முன்பு காசு வாங்கியிருக்கிறார்கள், 2001இல் நிறுத்திவிட்டார்கள். பெரிய கூடத்தில் 25 மீட்டர் நீளமுள்ள நீலத்திமிங்கலத்தின் எலும்புக்கூடு தலைக்கு மேலே பாய்வதுபோலத் தொங்குகிறது. 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கியதாம். என் மகள் அதன் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அதோட அம்மா எங்கே?" என்று கேட்டாள். அங்கேயே அரை மணி நேரம் இருந்தோம். டைனோசர் பக்கம் போகவே இல்லை. சரி, அது எங்கே ஓடிவிடப்போகிறது? ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும் என்பது என் உறுதியான எண்ணம். மதியத்துக்கு ஹைட் பார்க் புல்தரையில் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். அங்கே போட்டிருக்கும் துணி நாற்காலிகள் வாடகைக்கு உள்ளவை. ஒரு பெட்ஷீட் எடுத்துப் போய்விடுங்கள்.

பையனுக்கு உயிர் டி.எல்.ஆர். ரயில், அதாவது கிழக்கு லண்டனில் ஓடும் டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே. 1987இல் வந்தது, டிரைவர் கிடையாது. முதல் இருக்கை கிடைத்துவிட்டால் தண்டவாளம் முழுக்கத் தெரியும். பேங்க் நிலையத்தின் இருட்டுச் சுரங்கத்திலிருந்து ரயில் வெளிச்சத்துக்கு ஏறும் இடத்தில் அவன் இல்லாத கியரைப் பிடித்து இழுப்பான். கேனரி வார்ஃப் கட்டடங்களுக்கு நடுவே போய், தேம்ஸ் நதிக்கு அடியில் புகுந்து, கட்டி சார்க் நிலையம் வரும். இறங்கினால் கிரீனிச். அங்கிருந்து 1902இல் கட்டிய நடைச் சுரங்கம் வழியாக, ஆற்றுக்குக் கீழேயே நடந்து அக்கரைக்கு வந்துவிடலாம். உள்ளே குரல் எதிரொலிக்கும், பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியாது.

அடுத்த கோடையில் அம்மா வருகிறார். முட்டிவலி, படி ஏற முடியாது. டி.எல்.ஆர். நிலையம் எல்லாவற்றிலும் படியில்லாமல் ரயில் வரைக்கும் போகலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஆச்சிக்கு எந்த இருக்கை என்பதைப் பையன் இப்போதே முடிவு செய்துவிட்டான்.