ஒரு பிட் புரண்டால்

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் மின்சாரம் நின்ற மறுகணமே என் பழைய மடிக்கணினியும் அணைந்துவிடும் என்பதால், பழுதைத் தாங்கும் கணிப்பை, அதாவது பழுது நேர்ந்தாலும் சரியாக இயங்கும் கணினி முறையைப் படிக்க எனக்கு மீகணினி தேவையில்லை என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஆயினும் மின்வெட்டு கண்ணுக்குத் தெரியும் பழுது; நினைவகத்தில் ஓசையின்றி ஒரு பிட் புரள்வதே, அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறுவதே, எனக்கு அச்சமூட்டுகிறது.

அதை வேண்டுமென்றே உண்டாக்கும் கருவிகளுள் எல்எல்எஃப்ஐ ஒன்று. எல்எல்விஎம் என்னும் நிரல்மாற்றித் தொகுப்பின் இடைநிலைக் குறிமுறையில் (மூல நிரலுக்கும் இயந்திர மொழிக்கும் நடுவிலான வடிவத்தில்) இயங்கும் இது, ஓடும் நிரலின் ஒரு கட்டளை தரும் விடையில் பிட்டைப் புரட்டிவிட்டு, நிரல் முறிந்ததா, தொங்கியதா, சத்தமில்லாமல் பிழையான விடை தந்ததா என்று பழுதில்லா ஓட்டத்தோடு ஒப்பிட்டறிய உதவுகிறது.

நான் முதலில், ஓடும் நிரலை நிறுத்தி ஆராய உதவும் ஜிடிபி என்னும் கருவி கொண்டு இதைக் கையாலேயே செய்தேன். தகட்டைக் கட்டங்களாகப் பிரித்து, அண்டைக் கட்டங்களின் சராசரியைச் சுற்றுக்குச் சுற்று எடுத்து வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் யாக்கோபி முறை நிரலை நிறுத்தி, 1.0 என்றிருந்த 64 பிட் மதிப்பில் அடுக்குக்குரிய (எண்ணின் பருமனைக் குறிக்கும்) 11 பிட்களுள் மேற்பிட்டைப் புரட்டியதும் அது முடிவிலியாகி, சுற்றுக்குச் சுற்று அண்டைக் கட்டங்களையும் விழுங்கியது. எண்ணின் நுணுக்கத்தைக் குறிக்கும் பின்னப் பகுதியின் 52 பிட்களுள் கடைசியைப் புரட்டியபோதோ, அடுத்தடுத்த சுற்றுகள் அத்தவற்றைத் தாமே கரைத்துவிட்டன.

முறிவுக்கு மருந்து, ஓடும் நிரலின் நிலையை அவ்வப்போது சேமிப்பதுதான். நிரலைத் திருத்தாமலேயே டிஎம்டிசிபி என்னும் மென்பொருள் அதைச் செய்கிறது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதற்கு யங் என்னும் ஆய்வாளர் 1974இல் தந்த சூத்திரம் உண்டு: சேமிப்பு நேரத்தையும் பழுதுகளுக்கிடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காண வேண்டும். சேமிக்க 5 நிமிடமும் நாளுக்கொரு பழுதும் என்றால் 120 நிமிடம். எங்கள் தெரு மின்வெட்டுக்கு அந்த இடைவெளி அதிகம்; நான் அரைமணிக்கொருமுறை சேமிக்கிறேன்.